அறிமுகக் கையெழுத்து

1

இளைஞர்கள் முகம் தெரியாதவர்களோடு கைபேசியில் பேசிக்கொண்டிருப்பது பற்றித் தமிழில் இன்று இரண்டு வகை எழுத்துத்தான் கிடைக்கிறது. பெற்றோருக்கு விடுக்கும் எச்சரிக்கை ஒன்று. தொழில்நுட்பத்துக்குப் பாடும் வாழ்த்துப்பா மற்றொன்று. இரண்டுமே, இந்தப் பேச்சு நேற்றுத்தான் பிறந்தது என்ற நினைப்பில் எழுதப்படுபவை. இதற்கு ஒரு சரித்திரம் உண்டு. அதைக் கருவிகளின் சரித்திரமாக மட்டும் எழுதினால் முக்கியமான ஒரு விஷயம் விட்டுப்போகும் என்று எனக்குப் படுகிறது.

நான் திருப்பூரில் ஒரு வங்கிக் கிளையில் எழுத்தன். பழைய கணக்குத் திறப்புப் படிவங்களை ஆவண அறையில் புரட்டிப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் ஒரு கட்டம் இருக்கும்: அறிமுகம் செய்பவர் கையெழுத்து. புதிதாகக் கணக்குத் தொடங்க வருகிறவனை எனக்கு இத்தனை காலமாகத் தெரியும் என்று, ஏற்கெனவே கணக்கு வைத்திருக்கும் ஒருவர் எழுதிக் கையெழுத்திட வேண்டும். திருப்பூர்ப் படிவங்களில் அந்தக் கட்டத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் பனியன் கம்பெனி முதலாளி, மளிகைக் கடைக்காரர், மெஸ் நடத்துகிறவர். தேனியிலிருந்தும் மதுரையிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் பஸ் ஏறி வந்த பையனுக்கு இந்த ஊரில் வேறு யாரைத் தெரியும்? 2002ல் ரிசர்வ் வங்கி ‘வாடிக்கையாளரை அறிந்துகொள்’ என்ற விதிகளைக் கொண்டுவந்தபின் அந்தக் கட்டத்துக்கு மெல்ல வேலை குறைந்தது. பிறகு ஆதார் வந்தது. 2014 ஆகஸ்டில் ஜன்தன் கணக்குகள் வந்தன. இப்போது ஒடிஸாவிலிருந்து வந்தவன் விரலை வைத்தால் போதும். ஒரு எண் அவனை அறிமுகப்படுத்திவிடுகிறது. நல்லதுதான், முதலாளியின் தயவு வேண்டியதில்லை. ஆனால் இவனுக்கு நான் ஜவாப்தாரி என்று சொல்ல அங்கே மனிதர் ஒருவரும் இல்லை.

இந்த மாற்றம் வங்கியோடு நின்றுவிடவில்லை. தமிழ் இளைஞர்கள் அந்நியரோடு பேசிவந்த சரித்திரத்தை, அறிமுகம் செய்துவைப்பவர் இடம் மாறிக்கொண்டே வந்த சரித்திரமாகப் பார்க்கலாம். அப்படிப் பார்க்கத் திருப்பூரைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. 2011 கணக்கெடுப்பில் சுற்றுப்புறங்களையும் சேர்த்து ஒன்பதரை லட்சத்துக்கு மேல் மக்கள் இருந்த இந்த ஊரில், பிறந்து வளர்ந்தவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

2

நம் ஊர்களில் அந்நியனிடம் கேட்கும் முதல் கேள்வி பெயர் அல்ல. ‘எந்த ஊருங்க?’ என்பதுதான். அடுத்தது, அந்த ஊரில் யார் வீடு, எந்தத் தெரு என்பது. கொங்குநாட்டில் அந்த ‘ங்க’ கேள்வியின் கூர்மையை மழுக்கிக் காட்டும். ஆனாலும் கேட்கப்படுவது என்ன என்று கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். ஊரும் தெருவும் தெரிந்தால் சாதி தெரிந்துவிடும். சாதி தெரிந்தால் திண்ணையில் உட்காரச் சொல்வதா, நின்றபடியே பேசி அனுப்பிவிடுவதா என்பது முடிவாகிவிடும். பேச்சு அதற்குப் பிறகுதான்.

கோப்பெருஞ்சோழன் - பிசிராந்தையார் நட்பைச் சொல்லாமல் தமிழில் இந்த விஷயத்தை எழுத முடியாது. ஒருவரை ஒருவர் பார்க்காமலே நண்பர்களாக இருந்து, வடக்கிருந்தபோதுதான் சேர்ந்தார்கள் என்று எல்லாப் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் ஒருவன் அரசன், மற்றவன் புலவன். புகழ் அவர்களை அறிமுகம் செய்துவைத்தது. பனியன் கம்பெனியில் கைமடிக்கிற பையனைப் பற்றிப் பாண்டிய நாட்டில் யாரும் பாடிக்கொண்டிருக்கவில்லை.

புகழ் இல்லாதவர்களுக்கு அந்த வசதியை முதலில் கொடுத்தது தபால். 1879ல் காலணாவுக்குத் தபால் அட்டை வந்தது. எழுதப் படிக்கத் தெரிந்தவர்களின் எண்ணிக்கை பெருகி, வார மாதப் பத்திரிகைகள் வீடுகளுக்குள் நுழைந்தபின், ‘பேனா நண்பர்’ பகுதிகள் தோன்றின. பெயர், வயது, முகவரி, பொழுதுபோக்கு. தபால்தலை சேகரிப்பது, புத்தகம் படிப்பது என்று எல்லோருக்கும் ஒரே பொழுதுபோக்குதான் இருந்தது. வெளிநாட்டு நண்பர் வேண்டுமென்றால் அதற்கும் ஸ்தாபனங்கள் இருந்தன. பின்லாந்தின் துர்க்கு நகரிலிருந்து 1952 முதல் 2008 வரை ஒரு சர்வதேச இளைஞர் சேவை இந்த ஒரே காரியத்தைச் செய்துவந்தது: படிவத்தை நிரப்பி அனுப்பினால் வேறு தேசத்துப் பையன் அல்லது பெண்ணின் முகவரி வரும்.

இலங்கை வானொலி இன்னொரு வழி. பாட்டுக் கேட்டு அட்டை எழுதியவர்களின் பெயர்களை ஊர்ப் பெயரோடு அறிவிப்பாளர் படிப்பார். பாட்டு மூன்று நிமிஷம் என்றால் பெயர்ப் பட்டியலும் ஏறக்குறைய அவ்வளவு ஓடும். தன் பெயருக்கு முன்னும் பின்னும் வந்த பெயர்கள் யாருடையவை என்ற நினைப்போடு எத்தனை பேர் தூங்கப்போயிருப்பார்கள்!

இவை எல்லாவற்றிலும் ஒரு மூன்றாம் மனிதர் இருந்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். பத்திரிகை ஆசிரியர் முகவரியை அச்சிட்டார். அறிவிப்பாளர் பெயரைப் படித்தார். தபால்காரர் உறையைக் கொண்டுவந்து கொடுத்தார், அதுவும் வீட்டார் பார்க்கும்படி. பேனா நண்பர் பகுதிகளில் பெண்களின் பெயர்கள் குறைவாக இருந்ததற்கு இதுவே காரணமாக இருக்கலாம். எந்த ஊர் என்ற கேள்விக்குப் பதில் உறையின் மேலேயே எழுதியிருந்தது. ஆனால் அதைச் சாதியாகப் படிக்கும் ஆள் பல நூறு மைலுக்கு அப்பால் இருந்தார். ‘காந்தி நகர்’ என்ற முகவரியிலிருந்து பின்லாந்துக்காரனால் எதைக் கண்டுபிடிக்க முடியும்? அந்தத் தூரம்தான் தபால் கொடுத்த சுதந்திரம்.

சிறுபத்திரிகைக்காரர்கள் இதைத் தங்களுக்குச் சம்பந்தமில்லாத சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். 1959ல் சி. சு. செல்லப்பா ‘எழுத்து’ தொடங்கியதிலிருந்து இந்த உலகம் முகம் தெரியாதவர்களின் கடிதத்தில்தான் நடந்துவந்திருக்கிறது. வல்லிக்கண்ணன் 2006ல் மறையும்வரை, தி. க. சிவசங்கரன் 2014ல் மறையும்வரை, எங்கோ ஒரு பத்திரிகையில் முதல் கவிதையோ கதையோ வெளியான யாரோ ஒரு பையனுக்குத் தபால் அட்டை எழுதிக்கொண்டிருந்தார்கள். 1980களில் 15 பைசா அட்டை. அதில் அவன் எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்ற விசாரணை இருக்காது. படித்தேன், நன்றாக இருந்தது, தொடர்ந்து எழுதவும் என்றிருக்கும். இப்படி ஒரு அட்டை கிடைத்து எழுத்தாளனாகத் தொடர்ந்தவர்கள் இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களிலேயே இருப்பார்கள்.

3

1980களின் பிற்பகுதியில் மஞ்சள் பலகை மாட்டிய எஸ்.டி.டி. பூத்கள் தெருத் தெருவாக வந்தன. திருப்பூரில் அவை ஏற்றுமதி வியாபாரத்தோடு சேர்ந்தே பெருகின. இந்த ஊரின் தொழிலே அந்நியரோடு கடிதப் போக்குவரத்தில் நடப்பது. ஐரோப்பாவிலிருக்கும் வாங்குவோருக்குச் சாம்பிள் அனுப்புவது, அவர் குறை சொல்வது, திருத்தி மறுபடி அனுப்புவது. முதலில் டெலெக்ஸ், பிறகு பேக்ஸ், பிறகு மின்னஞ்சல். மெர்ச்சண்டைசர் என்ற உத்தியோகம் பிறந்தது இதில்தான். பி.ஏ., பி.காம். படித்த கிராமத்துப் பையன், தான் பார்த்தேயிராத ஜெர்மன்காரருக்கு நாளைக்கு நான்கு முறை மரியாதையாக எழுத வேண்டும். அந்த ஜெர்மன்காரர் நிறத்தின் சாயலைப் பற்றியும் கழுத்துப்பட்டையின் அளவைப் பற்றியும் கேட்டாரே தவிர, எந்த ஊர் என்று கேட்கவில்லை. என் தலைமுறைப் பையன்கள் பலருக்கு, சாதி விசாரணை இல்லாத முதல் உரையாடல் இந்த வியாபாரக் கடிதம்தான். இதை நம் சமூகவியல்காரர்கள் போதிய அளவு கவனித்ததாகத் தெரியவில்லை.

1996ல் அகத்தியனின் ‘காதல் கோட்டை’ வந்தது. தொலைந்துபோன சான்றிதழ்களைக் கண்டெடுத்துத் தபாலில் அனுப்பிவைத்தவனை, பார்க்காமலே காதலிக்கிறாள் ஒரு பெண். படம் முழுவதும் இருவரும் ஒருவரை ஒருவர் அடையாளம் தெரியாமல் கடந்துபோகிறார்கள். கடைசியில் அவள் கைவேலையாகச் செய்து அனுப்பிய மேலாடை அவனைக் காட்டிக்கொடுக்கிறது. அகத்தியனுக்குச் சிறந்த இயக்குநருக்கான தேசிய விருது கிடைத்தது. மூன்றே வருஷம் கழித்து, 1999ல், கதிரின் ‘காதலர் தினம்’ படத்தில் காதல் இணைய அரட்டையில் தொடங்குகிறது. தபாலிலிருந்து கணிப்பொறிக்குத் தமிழ் சினிமா தாவிய தூரம் அவ்வளவுதான். இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் திறந்துவிடப்பட்டது 1995 ஆகஸ்ட் 15ல் என்பதை நினைத்துப் பார்த்தால், நம்மவர்கள் புதிய கருவியை என்ன காரியத்துக்காக எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது விளங்கும்.

நான் பத்தாம் வகுப்புப் படித்த 2004ல் பிரவுசிங் சென்டரில் ஒரு மணி நேரத்துக்கு 20 ரூபாய். ப்ளைவுட் அடித்த சிறு அறைகள், அழுக்கேறிய கீபோர்டுகள், யாஹூ மெசஞ்சர். அரட்டை அறைக்குள் நுழைந்தவுடன் யாராவது வயது, பால், இடம் மூன்றையும் மூன்றே ஆங்கில எழுத்துக்களில் கேட்பார்கள். கவனியுங்கள்: இடம் கடைசியில்தான் வருகிறது. அதற்குக் ‘கோயம்புத்தூர்’ என்று சொன்னால் போதும், பொய்யும் சொல்லலாம். எந்தத் தெரு என்று தொடர்ந்து கேட்பவனுக்குப் பதில் போடாமல் வெளியே வந்துவிடலாம். நிஜத் திண்ணையிலிருந்து அப்படி எழுந்து வந்துவிட முடியாது.

சென்டர்காரரும் ஒரு சாட்சிதான். யார் வருகிறார்கள், எவ்வளவு நேரம் இருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். 2011ல் மத்திய அரசு கொண்டுவந்த சைபர் கபே விதிகள் இந்தச் சாட்சித் தொழிலைச் சட்டமாக்கின. வருபவரின் அடையாளச் சான்று வாங்க வேண்டும், பதிவேடு வைக்க வேண்டும், தடுப்புகள் தரையிலிருந்து நாலரை அடிக்கு மேல் உயரக் கூடாது. அரசாங்கம் அந்தரங்கத்துக்கு அடிக்கணக்கில் உயரம் நிர்ணயித்தது வேடிக்கையான விஷயம். அதைவிட வேடிக்கை, விதி வந்தபோது சென்டர்கள் காலியாகத் தொடங்கியிருந்தன என்பது. அதே 2011 செப்டம்பரில் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுக்க ஆரம்பித்தது. நாலரை அடித் தடுப்பு வீட்டுச் சுவராக உயர்ந்துவிட்டது.

4

மொழிக்கு என்ன நேர்ந்தது என்பது இந்தப் பக்கங்களில் பேச வேண்டிய விஷயம்.

1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ் இணைய மாநாடு நடந்தது. விசைப்பலகைக்கு ஒரு பொது ஒழுங்கு வகுக்கப்பட்டது. பிரவுசிங் சென்டர் பையன்களை அது தொடவேயில்லை. அவர்கள் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதினார்கள். பண்டிதர்கள் இதைத் தமிழின் அழிவு என்றார்கள். எனக்கு வேறு மாதிரிப் படுகிறது. பள்ளிக்கூடத்தில் தமிழ் எழுத்தைத் தொட்டவுடன் பையனுக்குச் செய்யுள் நடை வந்துவிடும். விடுமுறை விண்ணப்பம்கூட வணக்கத்துக்குரிய நடையில் இருக்கும். ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதியபோது திருத்தி மதிப்பெண் போட யாரும் இல்லாததால், பேசுவதை அப்படியே எழுதினான். பேச்சுமொழியை எழுத்துக்குள் கொண்டுவர நம் நாவலாசிரியர்கள் ஐம்பது வருஷம் சண்டை போட்டார்கள். இவர்கள் சண்டையே இல்லாமல் செய்துவிட்டார்கள், இலக்கியத்துக்குச் சற்றும் தெரியாமல்.

இன்னொன்று. தமிழில் அந்நியரோடு ஒரு வாக்கியம் பேசுவதற்குள் அவர் நீயா நீங்களா என்று முடிவுசெய்தாக வேண்டும். வயது, படிப்பு, சாதி, பணம் எல்லாம் அந்த ஒரு சொல்லில் நிறுக்கப்படும். முகமே தெரியாதபோது எப்படி நிறுப்பது? ‘யூ’ என்று ஒலிக்கும் ஒற்றை ஆங்கில எழுத்தைப் போட்டுத் தப்பித்தார்கள். தமிழ் வாக்கியம், நடுவில் ஒரு ‘யூ’. அது நாகரிகத்துக்காகப் போட்ட ஆங்கிலம் அல்ல. தமிழில் அந்தச் சமத்துவத்துக்குச் சொல் இல்லாததால் கடன் வாங்கியது. பழகிய பிறகு ஒருநாள் ‘நீ’ வரும். அந்த நாளைப் பலர் தேதியோடு நினைவு வைத்திருப்பதை நான் கேட்டிருக்கிறேன்.

ஊரை மறைத்தாலும் கொங்குக்காரனால் ‘ங்க’வை மறைக்க முடிந்ததில்லை. ‘ஏனுங்’ என்று தட்டச்சு செய்த மறு நிமிஷம் கோயம்புத்தூரா, ஈரோடா, திருப்பூரா என்று எதிர்முனை கேட்கும்.

புனைபெயர் வைத்துக்கொண்டு பேசுவதை ஏமாற்று வேலை என்று மட்டும் சொல்வதும் தமிழ் அறியாமல் சொல்வது. முன்பின் அறியாத இரண்டு பேர் கூடியதைப் பற்றிக் குறுந்தொகையில் ஒரு பாட்டு உண்டு. எழுதியவர் யார் என்று தெரியவில்லை. செம்மண்ணில் பெய்த மழைநீர் என்ற அவருடைய உவமையையே எடுத்துச் செம்புலப்பெயனீரார் என்று அவருக்குப் பெயராக வைத்துவிட்டார்கள். ஊரும் குலமும் இல்லாமல், சொன்ன சொல்லே பெயராக ஒருவர் இரண்டாயிரம் வருஷம் இருந்திருக்கிறார். அரட்டை அறையில் பெயர் வைத்துக்கொண்டவனும், தன்னை எப்படிக் கூப்பிட வேண்டும் என்பதைத் தானே தீர்மானித்தான். அவனுடைய வாழ்க்கையில் அந்தத் தீர்மானம் அவன் கைக்கு வந்தது அதுவே முதல் தடவையாக இருந்திருக்கும்.

5

இதுவரை சொன்னது பெரும்பாலும் படித்தவர்களின் கதை. பனியன் கம்பெனிக்குள் அந்நியர் வந்தது மிஸ்டு காலில்.

2003 மே மாதத்திலிருந்து கைபேசிக்கு வரும் அழைப்புக்குக் காசு இல்லை என்றாயிற்று. சில வருஷங்களில் ஓவர்லாக் மிஷின் ஓட்டுபவரும் செக்கிங் டேபிளில் நிற்கும் பெண்ணும் போன் வாங்கினார்கள். சனிக்கிழமை வாரச் சம்பளம், ஞாயிற்றுக்கிழமை ரீசார்ஜ். ஒன்றரை ஷிப்ட் முடிந்து இரவு எட்டரை மணிக்கு வெளியே வருகிறவர்களுக்குச் சொந்த நேரம் என்பது லைன் வீட்டு வாசலில் கிடைக்கும் ஒரு மணி நேரம். அப்போது ஏதோ ஒரு எண்ணிலிருந்து ஒரு மணியடித்து நிற்கும். யார் என்று திருப்பி அழைத்தால் ராங் நம்பர் என்பார்கள். மறுநாளும் அதே ராங் நம்பர். தன் எண்ணின் கடைசி இலக்கத்தை மாற்றி அடித்துப் பார்ப்பது அக்காலத்தில் ஒரு விளையாட்டாகவே இருந்தது. எண்ணை வரிசைப்படுத்தியவன் சாதி பார்த்து வரிசைப்படுத்தவில்லை என்பதால், பக்கத்து எண் எந்த ஊராகவும் எந்தச் சாதியாகவும் இருக்கலாம். தற்செயலே அறிமுகக் கையெழுத்துப் போட்ட காலம் அது.

எல்லோருக்கும் அது கிடைக்கவில்லை. மேற்குத் தமிழ்நாட்டு நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில், மூன்று வருஷ உழைப்புக்குப் பிறகு கல்யாணத்துக்கென்று மொத்தப் பணம் தருவதாகச் சொல்லிப் பெண்களை விடுதியில் வைத்து வேலை வாங்கினார்கள். நெதர்லாந்திலிருந்து சோமோ என்ற ஆய்வு நிறுவனமும் இன்னொரு அமைப்பும் சேர்ந்து 2011ல் வெளியிட்ட அறிக்கை, விடுதிப் பெண்களின் நடமாட்டத்துக்கும் வெளித்தொடர்புக்கும் இருந்த தடைகளைச் சொன்ன பிறகுதான் இது வெளியுலகில் பேச்சாயிற்று. பெண்ணின் போனைக் கட்டுப்படுத்துவது பாதுகாப்பு என்று விடுதிக் காப்பாளர் சொன்னார். பெற்றோரும் அதையே விரும்பினார்கள். யாருடைய பாதுகாப்பு என்பது சொல்லப்படவில்லை.

எந்த ஊர் என்ற கேள்வியைத் தள்ளிப்போட்டவர்களுக்கு என்ன நேரும் என்பதற்கும் இந்த ஜில்லாவில் பதில் இருக்கிறது. சங்கர் தலித் இளைஞர்; கௌசல்யா வேறு சாதிப் பெண். அவர்கள் பழகியது கல்லூரியில், இணையத்தில் அல்ல. 2016 மார்ச் 13ல் உடுமலைப்பேட்டை பஸ் நிலையத்துக்கு அருகே பட்டப்பகலில் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். கௌசல்யா வெட்டுக்காயங்களோடு பிழைத்தார். அந்தக் காட்சியைக் கண்காணிப்புக் காமிராப் பதிவில் நாடே பார்த்தது. அந்நியரோடு பேசாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்கிற நாம், நன்றாகத் தெரிந்தவர்களால் இங்கே நடந்தவற்றையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்க வேண்டும்.

6

2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. டேட்டாவின் விலை விழுந்தது. எழுதத் தெரியாதவரும் குரலாலும் படத்தாலும் பேச முடிந்தது. டிக்டாக்கில் ‘டூயட்’ என்று ஒரு வசதி. முகம் தெரியாத ஒருவரின் நடனத்துக்குப் பக்கத்தில் நம்முடையதை வைத்து இரண்டையும் ஒரே சட்டத்துக்குள் ஓட்டலாம். திருப்பூர்ப் பையன்கள் எந்த மாநிலத்துப் பெண்ணுடனும் இப்படி ஜோடி சேர்ந்து ஆடினார்கள். 2019 ஏப்ரல் 3ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. அதே மாதம் 24ல் நீக்கியது. 2020 ஜூன் 29ல் மத்திய அரசு வேறு காரணத்துக்காக மொத்தமாகவே தடை செய்தது.

இந்தக் கட்டத்தில் அறிமுகம் செய்துவைப்பவர் திரும்பி வந்துவிட்டதைப் பலர் கவனிக்கவில்லை. யாஹூ அரட்டை அறையில் யாரும் யாரையும் அறிமுகப்படுத்தியதில்லை. ஆனால் பேஸ்புக் 2008லேயே ‘இவர் உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்’ என்று பட்டியல் போடத் தொடங்கியது. இன்று எல்லாச் செயலிகளும் அதைத்தான் செய்கின்றன. யாரோடு பேசலாம், யாருடைய முகம் முதலில் வர வேண்டும் என்று தேர்ந்தெடுத்துக் கொடுக்கின்றன. நம் தொடர்புப் பட்டியலையும் பார்வையையும் தயக்கத்தையும்கூட வைத்துத் தேர்ந்தெடுக்கின்றன. எண்ணின் கடைசி இலக்கத்தில் இருந்த தற்செயல் இதில் இல்லை. இது கல்யாணத் தரகர் வேலை. ஆனால் தரகர் ஊரில் இருப்பார். சம்பந்தம் கெட்டுப்போனால் அவர் வீட்டு வாசலில் போய்ச் சத்தம் போடலாம். மளிகைக் கடைக்காரர் கையெழுத்திட்ட பையன் மோசம் செய்தால் மானேஜர் முதலில் கூப்பிட்டனுப்புவது மளிகைக் கடைக்காரரைத்தான். இப்போது அறிமுகம் செய்கிற கம்பெனி கையெழுத்துப் போடுவதில்லை.

இதன் விலையை நான் கௌண்டரில் உட்கார்ந்து பார்க்கிறேன். ஒரு பையன், பத்தொன்பது வயது, அயர்னிங் வேலை. செயலி ஒன்றில் பழக்கமான யாரோ, உன் கணக்கைக் கொஞ்ச நாள் கொடு, வருகிற பணத்தில் கமிஷன் தருகிறேன் என்றிருக்கிறார். இரண்டு நாளில் அவன் கணக்கில் பல லட்சம் வந்து போயிற்று. மூன்றாம் நாள் வேறு மாநிலப் போலீஸ் கணக்கை முடக்கிவிட்டது. அவனுடைய சொந்தச் சம்பளமும் அதற்குள் மாட்டிக்கொண்டது. யார் அந்த ஆள் என்று கேட்டால், ‘பிரண்டு சார்’ என்கிறான். பெயர் தெரியுமா? தெரியாது. எந்த ஊர்? கேட்கவில்லை. மோசடிப் புகாருக்கு 1930 என்ற எண் இருக்கிறது. பணத்தை இழந்தவர்களுக்கு அதைச் சொல்லி அனுப்புகிறோம். இந்தப் பையனுக்கு எந்த எண்ணைச் சொல்வது?

ஆகவே ‘எந்த ஊர்?’ என்று கேட்காமலிருப்பது தன்னளவில் புண்ணியமாகிவிடாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுகிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. வேறு இடங்களில் வேறு காரணங்களுக்காக நடந்த வன்முறைகளின் படங்கள் அவை. பீகார் அரசு ஒரு குழுவை அனுப்பியது. அது திருப்பூருக்கும் வந்து பார்த்தது. அதற்குள் ரயில் நிலையத்தில் கூட்டம் சேர்ந்துவிட்டது. எங்கிருந்து வந்தது, யார் எடுத்தது என்று யாரும் கேட்காத ஒரு படம், பல வருஷமாகப் பக்கத்து மிஷினில் வேலை செய்தவனைவிட நம்பகமானதாக ஆயிற்று.

7

பொள்ளாச்சியைச் சொல்லாமல் முடிக்க முடியாது. சமூக வலைத்தளங்களில் பழகி, வரவழைத்து, வன்முறை செய்து, அதைப் படமெடுத்து மிரட்டிய கும்பல் 2019 பிப்ரவரியில் ஒரு மாணவி கொடுத்த புகாரால் வெளியே தெரிந்தது. அந்த வருஷம் கொங்குநாடு முழுவதும் பெண்களின் கையிலிருந்து போன் பிடுங்கப்பட்டது. பாடம் அதுதான் என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள்.

அந்தக் கும்பலின் கையிலிருந்த ஆயுதம் எது என்று யோசித்துப் பார்க்க வேண்டும். முகம் தெரியாமல் பழக முடிந்தது அவர்களுக்கு வாசலைத் திறந்துவிட்டது, உண்மை. ஆனால் அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் ‘உன் வீட்டில் சொல்லிவிடுவேன்’ என்ற ஒரு வாக்கியத்தின் பலத்தில். வீட்டுக்குத் தெரிந்தால் செத்தாய் என்று பெண்ணுக்குச் சொல்லி வளர்த்தது வீடுதான். இவர்கள் அதைக் கண்டெடுத்துப் பயன்படுத்திக்கொண்டார்கள். வெளியே வந்து பேசிய பெண்ணுக்கு நேர்ந்ததும் அதே வகை. அவள் பெயரைப் போலீசே பத்திரிகைக்காரர்களிடம் சொல்லிவிட்டது. இவ்வளவுக்குப் பிறகும் பெண்கள் சாட்சி சொன்னார்கள். 2025 மே 13ல் கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்குச் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. ஒரு சாட்சிகூடப் பிறழவில்லை என்று அரசுத் தரப்பு வழக்கறிஞர் சொன்னார். ஆறு வருஷம் நடந்த வழக்கில் இதைச் சாதாரண விஷயமாக நான் நினைக்கவில்லை.

போனைப் பிடுங்கியதால் என்ன நடந்தது? பேச்சு நிற்கவில்லை, இன்னும் ரகசியமாயிற்று. ரகசியமாக ஆக, அறிமுகத்துக்கும் சாட்சிக்கும் ஆளில்லாமல் போயிற்று. மிரட்டுகிறவனுக்கு வேண்டியதும் அதுவே.

பழைய அறிமுகக்காரர்கள் திரும்பி வரப்போவதில்லை, வரவும் வேண்டாம். முதலாளியின் கையெழுத்தும் வீட்டுத் திண்ணையின் விசாரணையும் யாரை உள்ளே விட்டன, யாரை வெளியே நிறுத்தின என்பது நமக்குத் தெரியும். வேண்டியது, சாதி கேட்காமல் பொறுப்பு மட்டும் ஏற்கிற ஒருவர். அப்படி ஒருவர் இருக்க முடியுமா என்ற கேள்விக்குச் சட்டத்திலோ செயலியிலோ நான் பதிலைக் காணவில்லை.

சென்ற வருஷம் செக்கிங் டேபிளில் வேலை செய்கிற ஒரு பெண்ணிடம், போனில் புதிதாகப் பேசுகிறவன் எப்படிப்பட்டவன் என்று எப்படித் தெரிந்துகொள்வீர்கள் என்று கேட்டேன். அவள் யோசிக்காமல் சொன்னாள்: ‘பக்கத்து டேபிள் அக்காகிட்ட போனைக் கொடுத்துருவனுங்க. அக்கா ரெண்டு நாள் பேசிப் பாத்துட்டுச் சொல்லும்.’ அந்த அக்கா புதுக்கோட்டைப் பக்கம். இவள் திண்டுக்கல். இருவரும் என்ன சாதி என்று ஒருவருக்கொருவர் தெரியுமா என்று நான் கேட்கவில்லை. அகப்பாட்டில் தலைவனை விசாரித்து, கேலி செய்து, காக்க வைத்து, பிறகு வழிவிடுகிற தோழிக்குப் பெயர் கிடையாது. இந்த அக்காவின் பெயரையும் அவள் சொல்லவில்லை. அந்த ஆள் என்ன ஆனான் என்று மட்டும் கேட்டேன்.

‘அக்கா வேண்டாம்னுருச்சுங்க.’